குனியாத சாமியின் அம்புப் பை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு முட்டாள். உள்ளூரோடு அடங்கிய சாதாரண முட்டாள் இல்லை. பாஸ்போர்ட் எடுத்து, விசா வாங்கி, விமானம் ஏறிப் போய், தன் முட்டாள்தனத்தை வெள்ளைக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லிவிட்டு வந்தவன். வில்லையும் அம்பையும் ஆயுளில் ஒருமுறைகூடத் தொடாமல், வில் வேட்டைக்காரர்கள் அம்பு வைத்துக்கொள்ளும் தோல்பை இரண்டு டஜன் தைத்து லண்டனுக்கு அனுப்பினேன். அதன் நீளம், அகலம், வார் எந்தத் தோளில் வர வேண்டும் என்பதையெல்லாம் எங்கிருந்து எடுத்தேன் தெரியுமா? பட்டறைச் சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து. அதில் வில்லேந்திய சாமி ஒருவர் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தார். எந்தச் சாமி என்று சொல்லி அவரையும் இந்த வழக்கில் இழுக்கப்போவதில்லை.

எனக்கு ஆம்பூர் பக்கம். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை. அந்தக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வேறு நாடு பார்த்துப் போன சமயத்தில்தான் குகன் அண்ணன் போன் செய்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பாரிசில் பல வருஷம் ஷூ தைத்துவிட்டு லண்டனுக்கு வந்து, பிளேஸ்டோவில் ஷூ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். என்னிடம் பெல்ட் வாங்கி விற்பவர்.

"தம்பி, இஞ்ச எனக்குத் தெரிஞ்ச ஒரு மனிசி வில்லு அம்புக் கடை வைச்சிருக்கிறா. அம்பு வைக்கிற தோல்பை வேணுமாம். செய்வீரோ?"

"ஓ, பேஷா செய்யலாம்ணே" என்றேன். அன்றைக்கு இருந்த நிலைமையில் தோலில் விமானம் கேட்டிருந்தாலும் இறக்கை எத்தனை அடி என்றுதான் கேட்டிருப்பேன்.

போன பைகள் அடுத்த மாசமே அவர் கடைக்குத் திரும்பி வந்தன. பின்னாலேயே போனும் வந்தது. "எல்லாம் கொட்டுண்டு போகுதாம் தம்பி. நீர் ஒருக்கா நேர வந்து அந்த மனிசியோட கதையும். எனக்கு முகம் குடுக்க ஏலாமல் கிடக்கு."

இந்த ஆர்டர் நிலைத்தால் பட்டறை ஓடும். கைநழுவினால் பட்டறையை மூடிவிட்டு என் மைத்துனரின் பிரியாணிக் கடையில் டோக்கன் கிழிக்க வேண்டும். மைத்துனர் எனக்கென்று நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார் என்று மனைவி சொன்னாள். அதுவும் பிளாஸ்டிக் நாற்காலி. நான் விமானம் ஏறியதற்கு அந்த நாற்காலிதான் காரணம்.

வியாழக்கிழமை ஹீத்ரூவில் இறங்கினேன். குடியேற்ற அதிகாரி என்ன வேலையாக வந்தீர்கள் என்றார். வில் வேட்டைக்காரர்களுக்கு அம்புப் பை விற்க என்றேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்கள் நாட்டில் வில்லால் மிருகங்களை வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். தெரியுமா?"

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வேட்டையே தடைசெய்யப்பட்ட ஊருக்கு வேட்டைப் பை விற்க வந்த ஒரே வியாபாரி உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். "பை மட்டும்தான் சார். உள்ளே ஒன்றுமில்லை" என்று பெட்டியைத் திறக்கப் போனேன். அவர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். "நல்வாழ்த்துகள். உங்களுக்குத் தேவைப்படும்."

வெளியே குகன் அண்ணன் கம்பளித் தொப்பியோடு நின்றார். வந்ததும் வராததுமாக அவரைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, இங்க வேட்டையே கிடையாதாமே!"

"ஓம், இஞ்ச ஏலாது. காட்டுக்குள்ள பஞ்சில மான், கரடி எல்லாம் செய்து வைச்சு அதுக்கு அடிப்பினம். உண்மையான வேட்டையெண்டா பிளேன் ஏறி வேற நாடுகளுக்குப் போவினம். அப்பிடிப் போற ஆக்களுக்குத்தான் அந்த மனிசி சாமான் விக்கிறா."

"இதை நீங்க முதல்லயே சொல்லலையே."

"நீர் கேக்கேல்லையே."

சுரங்க ரயிலில் ஒரு மணிநேரத்துக்கு மேல் போனோம். அந்தப் பெட்டியில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எங்கள் ஏலகிரி எக்ஸ்பிரஸில் அதற்குள் எதிர்சீட்டுக்காரர் என் சம்பளம், சர்க்கரை அளவு, மகளுக்கு வரன் பார்த்தாயிற்றா என்பது வரை விசாரித்து முடித்து, பாதி முறுக்கும் கொடுத்திருப்பார்.

வீட்டில் குகன் அண்ணனின் மனைவி ரஞ்சி அக்கா இடியப்பம், சொதி, நண்டுக்கறி வைத்துக்கொண்டு காத்திருந்தார். எங்கள் பக்கம் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும்தான். மஞ்சள் போட்டு எலுமிச்சை பிழிந்த சொதியை ஊற்றி, அதன்மேல் மிளகாய்த்தூள் பொங்கும் நண்டுக்கறியைப் போட்டுச் சாப்பிட்டபோது, பயண அலுப்பு கண் வழியாகவும் மூக்கு வழியாகவும் வெளியேறியது.

"சாப்பிடுங்கோ தம்பி, கூச்சப்படாதேங்கோ" என்று இன்னொரு நண்டை வைத்துக்கொண்டே ரஞ்சி அக்கா கேட்டார். "அந்தப் பையை அனுப்ப முதல் நீங்கள் ஒருக்காப் போட்டுப் பார்க்கேல்லையோ?"

"பாத்தேங்க்கா. கண்ணாடி முன்னாடி நின்னு. ரொம்ப எடுப்பா இருந்துது."

"அம்போடயோ?"

"அம்புக்கு எங்கக்கா போறது? தொடப்பக்குச்சி வெச்சுப் பாத்தேன்."

ரஞ்சி அக்கா கணவரைப் பார்த்தார். குகன் அண்ணன் நண்டுக்காலைக் கடிப்பதில் மும்முரமானார்.

வெள்ளிக்கிழமை வட லண்டனில் இருக்கும் எட்மண்டன் போனோம். கம்பளக் கடைக்கும் கோழி பொரிக்கும் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது அந்த வில்லுக் கடை. உள்ளே போனதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. சுவர் முழுக்க வில். மரத்தில் ஒன்று, கொம்பில் ஒன்று, சக்கரமும் கம்பியும் வைத்துத் தையல் மெஷினுக்கு அண்ணன் மாதிரி ஒன்று. பூச்சாடியில் பூ வைப்பதுபோல் வாளி வாளியாக அம்புகள். ஒன்றை எடுத்து விரலில் தொட்டுப் பார்த்தேன். துடைப்பக்குச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கடைக்காரம்மா பெயர் மார்கரெட். என்னைவிட ஒரு சாண் உயரம், பாத்திரம் தேய்க்கும் கம்பிநார் போலத் தலைமுடி. கைகுலுக்கினார். என் விரல்கள் கொஞ்ச நேரம் என்னோடு பேசவில்லை. என் பை ஒன்றை முதுகில் மாட்டி, அதில் அம்புகளை நிரப்பி, ஷூ நாடா கட்டுவதுபோலக் குனிந்தார்.

எல்லா அம்பும் அவர் தலைக்கு மேலாகச் சரிந்து தரையில் கொட்டின. ஒன்று அலமாரிக்கு அடியில் உருண்டது. குகன் அண்ணன் தவழ்ந்து போய் எடுத்து வந்தார்.

"இந்த வடிவத்தை எங்கே பிடித்தீர்கள்?" என்றார் மார்கரெட்.

குகன் அண்ணன் என் காலை மிதித்தார். எனக்குப் பொய் வராது. அதாவது, ஆங்கிலத்தில் வராது. "எங்கள் நாட்டில் வில்லேந்திய கடவுள் இருக்கிறார். அவர் படத்தைப் பார்த்துச் செய்தேன்."

"உங்கள் கடவுள் குனிவதே இல்லையா?"

யோசித்துப் பார்த்தேன். காலண்டரில் பார்த்திருக்கிறேன், கோயில் கோபுரத்தில் பார்த்திருக்கிறேன், கல்யாணப் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். எங்கேயும் அவர் குனிந்ததில்லை. "இல்லை மேடம்."

"கிளைக்கு அடியில் நுழைவது?"

"மரமெல்லாம் அவருக்குப் பின்னால்தான் நிற்கும்."

"அப்படியென்றால் பை அவருக்குச் சரி. என் வாடிக்கையாளர்கள் மனிதர்கள்." பையின் ஓரத்தில் நான் ஆசையாகத் தொங்கவிட்டிருந்த குஞ்சங்களை ஆட்டிக் காட்டினார். பித்தளை மணிகள் கிலுகிலுவென்றன. "இது எதற்கு?"

"அழகுக்கு."

"மான் இந்த அழகைக் கேட்டுவிட்டு அடுத்த மாவட்டத்துக்கே ஓடிவிடும்."

அதற்குப் பிறகு அம்பை எப்படியெல்லாம் சுமக்கலாம் என்று அந்தக் கடையில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எனக்கே மாட்டிப் பார்த்தேன். வெட்கம் போய் உற்சாகம் வந்துவிட்டது. பொம்மைக் கடைக்குள் விட்ட பிள்ளைபோல் ஆகிவிட்டேன். முதுகுப் பை பார்க்க வீரம்தான், ஆனால் அம்பெடுக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், தூக்கினால் மான் பார்த்துவிடும். இடுப்புப் பையில் கைக்கு எட்டும், ஆனால் நடக்கும்போது அம்பின் வால் புதருக்குப் புதர் வணக்கம் சொல்லிக்கொண்டே வரும். வில்லிலேயே அம்பைச் செருகிக்கொள்ளும் ஒரு சாதனம் இருந்தது. வசதிதான், ஆனால் வில் கனத்துவிடுகிறது. இது எதுவும் வேண்டாமென்று பெல்ட்டில் செருகிக்கொள்பவர்களும் உண்டாம்.

வேட்டை அம்பின் முனை சவர பிளேடு. அதை மூடாமல் எப்படியும் சுமக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாக, திறந்த முனையோடு மரத்தடியில் உட்கார்ந்த வாடிக்கையாளர் ஒருவரின் கதையை மார்கரெட் சொன்னார். அந்த மனிதர் அதற்குப் பிறகு ஒரு மாதம் நின்றுகொண்டே டிவி பார்த்தாராம்.

"ஞாயிற்றுக்கிழமை காலை காட்டுக்கு வாருங்கள்" என்றார் கடைசியில். "புதிதாக ஒன்று செய்து நீங்களே மாட்டிக்கொண்டு என்னோடு ஒரு முழுச் சுற்று நடக்க வேண்டும். ஓர் அம்பு விழக் கூடாது. சத்தம் கேட்கக் கூடாது. சரியாக இருந்தால் இனி என் கடையில் உங்கள் பைதான். இல்லாவிட்டால், நல்லபடியாக ஊர் போய்ச் சேருங்கள்."

அளவு பார்க்க அவர் தந்த சில அம்புகளோடு வெளியே வந்து, பக்கத்துக் கடையில் கோழியும் சிப்ஸும் வாங்கி, நின்றபடியே தின்றோம். சிப்ஸில் வினிகர் ஊற்றித் தருகிறார்கள். எங்கள் ஊரில் தோல் ஊறப்போடும் தொட்டிப் பக்கம் போனால் வருகிற வாசனை. எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது, ரொம்பவும் பிடித்துப்போனது.

சனிக்கிழமை முழுக்கக் குகன் அண்ணனின் கடையில்தான். அவர் முன்பக்கம் சாவி வெட்டுவார், ஹீல்ஸ் ஒட்டுவார். நான் பின்பக்கம் தோலை வெட்டுவேன், தைப்பேன், பிரிப்பேன், திட்டிக்கொள்வேன். முதுகு வேண்டாம், இடுப்பும் வேண்டாம், கைக்கு அடியில் விலாவோடு ஒட்டித் தொங்கட்டும் என்று முடிவு செய்தேன். கீழே முனைகள் இறங்க ஒரு மூடிய கூடு. யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமலே போன ஒரு ஜோடி குளிர்கால பூட்ஸ் கிடந்தது. அதன் ஆட்டு ரோமத்தை உரித்துக் கூட்டுக்குள் ஒட்டினேன். சத்தம் நின்றது. ஆனால் குனிந்தால் அம்பு விழுந்தது. எலாஸ்டிக் கட்டினேன், அம்பை இழுக்கும்போது டொய்ங் என்றது. நாடா போட்டு இறுக்கினேன், அம்பை வெளியே எடுப்பதற்குள் மான் கிழடாகிச் செத்திருக்கும்.

ரிப்பேருக்குக் கொடுத்த ஷூவை வாங்க வந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "நல்ல வேலைப்பாடு. குடை வைப்பதற்கா?" என்றார்.

"பாரிசெண்டா இதுக்குள்ள பாண் வைச்சுக்கொண்டு போவினம்" என்றார் குகன் அண்ணன் என்னிடம். பாண் என்றால் அவர் ஊரில் ரொட்டி. "நீளமான பாண். பேசாமல் பாண் பை எண்டு வித்துப்போட்டு வீட்டை போவமே?"

"அண்ணே, சும்மா இருங்க, எனக்கே பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் பயமில்லையோ? இவர் நல்லாச் செய்வார் எண்டு அந்த மனிசிக்கு வாக்குக் குடுத்தது நான். அவாவின்ர வில்லுக் கிளப்பில இருக்கிற அத்தனை பேரின்ர சப்பாத்தும் என்னட்டைத்தான் வருது. நீர் போயிடுவீர். நான் இஞ்சதான் இருக்கோணும்."

அது எனக்குச் சுருக்கென்று பட்டது. எரிச்சலில் கையிலிருந்த அம்பை அப்படியே பக்கத்துத் தட்டில் வீசினேன். அது தரையில் விழும் சத்தத்தை எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கினேன். விழவில்லை.

திரும்பிப் பார்த்தேன். குகன் அண்ணன் பாலிஷ் போடும் பிரஷ்களை இரண்டிரண்டாக, மயிரோடு மயிர் பொருந்த வைத்து, ரப்பர் பட்டை போட்டு வரிசையாக அடுக்கியிருப்பார். அதில் ஒரு ஜோடிக்கு நடுவில் போய் அம்பு மாட்டிக்கொண்டிருந்தது. பிரஷ்ஷைத் தூக்கிக் கவிழ்த்தேன். விழவில்லை. உதறினேன். அசையவில்லை. பிடித்து இழுத்தேன். பூனை நடக்கிற மாதிரி, ஒரு சத்தமுமில்லாமல் வந்தது.

"அண்ணே!" என்று நான் போட்ட கூச்சலில் பெரியவர் குடையோடு வெளியே போய்விட்டார்.

குகன் அண்ணன் வந்து பார்த்தார். தானும் குத்தினார், இழுத்தார், கவிழ்த்தார். பிறகு இரண்டு பேருமாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்துச் சிரித்தோம். கடைக்கு வந்த ஒரு பெண் சாவியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "பிறகு வருகிறேன்" என்றாள்.

முன்பக்கக் கண்ணாடி அலமாரியில் புத்தம் புதுப் பிரஷ்கள் இருந்தன. கையை நீட்டினேன்.

"அது விக்கிற சாமான் தம்பி. பழசே போதும், அதை எடும்."

"பாலிஷ் ஒட்டியிருக்குமே அண்ணே."

"ரஞ்சியிட்டைக் குடுத்தாக் கழுவித் தருவா."

ரஞ்சி அக்கா பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு நுரைக்க நுரைக்கக் கழுவி, ஹீட்டர்மேல் காயவைத்துக் கொடுத்தார். குதிரை மயிர். பிறவியிலேயே கறுப்பு. அழுக்கு போய்விட்டதா இல்லையா என்பதை அந்தக் குதிரைதான் சொல்ல வேண்டும். பிடிகளைச் சீவித் தோலுக்குள் வைத்துத் தைத்து முடித்தேன். அதை மாட்டிக்கொண்டு ஹாலில் குனிந்தேன், நிமிர்ந்தேன், சோபாவில் குதித்தேன். ரஞ்சி அக்கா கைதட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார்.

ஞாயிறு காலையில், நாங்கள் போவதாக இருந்த வேன் இல்லை. குகன் அண்ணனின் தம்பி அதை லூயிஷாம் கோயிலுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ரயிலில் போகலாமென்றால் தண்டவாள வேலையாம், அதற்குப் பதிலாக பஸ் விட்டிருந்தார்கள். அந்த பஸ் ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் நின்று மூச்சு வாங்கியது. பொட்டலத்தோடு ஏறும் பழுப்பு நிற ஆளைக் கண்டால் குண்டு பயத்தில் பக்கத்து சீட்டுக்காரர் மெல்ல எழுந்து போகிற காலம் அது. நானோ விலாவில் விறைப்பாக எதையோ வைத்து மேலே மழைக்கோட்டு போட்டிருந்தேன். குகன் அண்ணன் அம்புகளைப் பூப்போட்ட பரிசுக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்திருந்தார். எங்களைச் சுற்றி நல்ல காற்றோட்டமாக இருந்தது.

ஒரு பாட்டியம்மா மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "பிறந்தநாளா?" என்றார் பரிசுக் காகிதத்தைப் பார்த்து.

"ஓம், ஓம். பேர்த்டே" என்றார் குகன் அண்ணன்.

"யாருக்கு?"

குகன் அண்ணன் என்னைக் காட்டினார். மனுஷி இறங்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வாழ்த்தினார். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. நான் பிறந்தது சித்திரையில். அப்போது ஐப்பசி மழை.

நகரம் முடிகிற இடத்தில், ஒரு பண்ணைக்குப் பின்னால் காடு. தகரக் கொட்டகையில் டீயும் பன்றி இறைச்சி ரொட்டியும் கொடுத்தார்கள். நாங்கள் ரஞ்சி அக்கா கட்டிக்கொடுத்த மட்டன் ரோல்ஸைப் பிரித்தோம். தாடிக்காரர் ஒருவர் ஆசையாக ஒன்றை வாங்கிக் கடித்துவிட்டு, முகம் சிவந்து, மழையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

அங்கே வந்திருந்தவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்பைச் சுமப்பதில் ஒவ்வொருவரும் ஒரு கட்சி. இடுப்புக் கட்சிக்காரர் முதுகுக் கட்சிக்காரரைப் பார்த்து, "இன்னும் இடைக்காலத்திலேயே இருக்கிறாயா?" என்றார். "நான் இடைக்காலத்தில் இருக்கிறேன், நீ முள்ளில் இருக்கிறாய்" என்றார் மற்றவர். உண்மையாகவே இடுப்புக்காரரின் அம்பு வால் முட்செடியில் சிக்கியிருந்தது. மரங்களுக்கிடையே பஞ்சு மான், பஞ்சுப் பன்றி, பஞ்சுக் கரடி. ஓடைக்கரையில் ஒரு பஞ்சு முதலைகூட. அந்தக் குளிரில் அதைப் பார்க்கத்தான் எனக்குப் பாவமாக இருந்தது.

மார்கரெட் என் பையைத் தடவிப் பார்த்தார். பிரஷ்ஷைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தன் அம்புகளை அதில் செருகிவிட்டு, "நடங்கள்" என்றார்.

நடந்தேன். விழுந்து கிடந்த மரத்துக்கு அடியில் என்னை நுழையவிட்டார். நுழைந்தேன். வேலி தாண்டச் சொன்னார். தாண்டினேன். ஓடச் சொன்னார். ஓடினேன், இலைச்சேற்றில் சறுக்கி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, கொஞ்ச தூரம் அப்படியே போய் ஒரு பஞ்சுப் பன்றியின் காலடியில் நின்றேன். எழுந்ததும் முதலில் விலாவைத் தடவினேன். அம்புகள் அப்படியே இருந்தன. பின்னால் வந்த குகன் அண்ணன் சேற்றைத் துடைக்கவில்லை, அம்பைத்தான் எண்ணினார். "எல்லாம் கிடக்கு தம்பி! எல்லாம் கிடக்கு!"

"இப்போது சத்தம்" என்றார் மார்கரெட். எங்களுக்கு முதுகைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "அந்தக் கரடிப் பக்கமிருந்து என்னிடம் வாருங்கள். கேட்டால் கையைத் தூக்குவேன்."

இரண்டு எட்டு வைத்தேன். கையைத் தூக்கிவிட்டார்.

குகன் அண்ணனின் முகம் விழுந்தது. எனக்கு மைத்துனரின் பிளாஸ்டிக் நாற்காலி தெரிந்தது. மறுபடி போனேன், அடிமேல் அடி வைத்து வந்தேன். மறுபடியும் கை.

"அது பையா, நீங்களா?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

கேட்டுப் பார்த்தேன். சரக் சரக். என் மழைக்கோட்டு! பிளேஸ்டோ சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் கோட்டு. அதைக் கழற்றிக் குகன் அண்ணனிடம் எறிந்தேன். சட்டையோடு மழையில் நின்றதும் பல் தந்தியடித்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு நடந்தேன். கரடியைத் தாண்டினேன். ஓடையைத் தாண்டினேன். சுற்றி நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தாடிக்காரர்கூட ஏப்பத்தை அடக்கிக்கொண்டார். போய்ப் போய், மார்கரெட்டின் தோளுக்குப் பக்கத்தில் நின்று, "மேடம்" என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கொட்டகைப் பக்கமிருந்து யாரோ கைதட்டினார்கள். எனக்கு அப்படியே பறக்கலாம்போல் இருந்தது.

"இனி அம்பு எப்படி வருகிறது என்று பார்ப்போம்." என் பையைத் தன் விலாவில் மாட்டிக்கொண்டார். பஞ்சு மானை நோக்கி நின்று, பார்வையை எடுக்காமல் கையைக் கீழே கொண்டுபோய் அம்பைத் தண்டில் பிடித்து இழுத்தார். சத்தமே இல்லை. நாணில் கோத்து, கையைக் கன்னத்தோடு ஒட்டி இழுத்து, விட்டார். மானின் நெஞ்சில் தொப். அடுத்தது, தொப். அடுத்தது, தொப். எனக்குச் சங்கீதம்கூட இவ்வளவு இனிமையாகக் கேட்டதில்லை.

அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு. எங்கள் பக்கம் திரும்பினார். குகன் அண்ணன் என் கையைக் கிள்ளினார்.

மார்கரெட்டின் வலது கன்னத்தில், வாயோரத்திலிருந்து காது வரைக்கும், பளபளப்பான கறுப்பு பாலிஷ் மூன்று கோடாக இழுத்திருந்தது. விரலெல்லாம் கறுப்பு.

"தம்பி, பிரஷ்" என்று முணுமுணுத்தார் குகன் அண்ணன். "நான் அப்பவே சொன்னனான், வடிவாக் கழுவேல்லையெண்டு."

"நீங்க எப்பண்ணே சொன்னீங்க?"

சுற்றியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இடுப்புக் கட்சியும் முதுகுக் கட்சியும் அன்றைக்கு முதல்முறையாக ஒன்றுசேர்ந்து சிரித்தன. மார்கரெட் கன்னத்தைத் துடைத்தார். கோடு பரவி மீசையானது. கையை முகர்ந்து பார்த்தார். எதற்கும் அசையாத அந்த மனுஷி இப்போது என்ன செய்வார் என்று தெரியவில்லை. வியாபாரியின் நாக்கு மட்டும் எனக்கு முந்திக்கொண்டது.

"மேடம், வேட்டைக்காரர்கள் மிருகங்களுக்குத் தெரியாமலிருக்க முகத்தில் கரி பூசிக்கொள்வார்களாமே. எங்கள் பையில் அந்த வசதியும் சேர்ந்தே வருகிறது. தனியாகப் பூச வேண்டியதில்லை. செருப்புக்கும் போட்டுக்கொள்ளலாம்."

யாரும் சிரிக்கவில்லை. மார்கரெட் போய்ப் பஞ்சு மானிலிருந்து அம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வந்தார். ஒவ்வொன்றாகப் பையில் செருகினார். மறுபடி ஒன்றை இழுத்துப் பார்த்தார். வார் கொக்கியை அவிழ்த்தார், திரும்ப மாட்டினார், என்னிடம் பையைத் தராமலே கொட்டகையை நோக்கி நடந்தார். நான் சேறும் நடுக்கமுமாகப் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் என் மழைக்கோட்டைச் சரக் சரக்கென்று தூக்கிக்கொண்டு குகன் அண்ணன் ஓடிவந்தார்.

"மேடம், அம்பு விழவில்லை. சத்தம் கேட்கவில்லை. நீங்கள் சொன்னதெல்லாம் ஆயிற்று. ஊருக்குப் போய்ப் பட்டறையைத் திறக்கட்டுமா? இன்னும் ஏதாவது குறை இருந்தால் சொல்லுங்கள், தோலை மாற்றுகிறேன், வாரை மாற்றுகிறேன், இன்னும் நாலு நாள் இருந்து செய்துகொடுத்துவிட்டுத்தான் போவேன். ஆர்டர் உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லிவிடுங்கள்."

மார்கரெட் நின்றார். அந்தக் கறுப்பு மீசையோடு என்னை ஒருமுறை, எனக்குப் பின்னால் நின்ற குகன் அண்ணனை ஒருமுறை பார்த்தார்.

"புதுப் பிரஷ் போட்டு அனுப்புங்கள்."